எதற்கோ சொன்ன சரி

"பொம்பளை டாக்டரா?"

சுப்பராயன் இதை முனியம்மாவிடம் பரம ரகசியமாகக் கேட்டதாகத்தான் நினைத்தார். தம் குரலே தமக்குக் கேட்காத மனிதருக்கு ரகசியத்தின் அளவு எப்படித் தெரியும்? லாங் பஜாரில் மூட்டை தள்ளிக்கொண்டு போன கைவண்டிக்காரர் வண்டியை நிறுத்தி, அண்ணாந்து போர்டைப் பார்த்தார். ‘டாக்டர் அமிர்தவள்ளி, எல்.எம்.பி.’ என்றிருந்தது. ஆமாம், பொம்பளை டாக்டர்தான் என்று அவரும் தலையாட்டி உறுதி செய்தார்.

முனியம்மா புருஷன் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்தாள். "காதுக்கு ஆம்பிளை இன்னா, பொம்பளை இன்னா? உள்ள வாங்க, மானம் போவுது."

அவள் வாயசைவிலிருந்து அவள் கோபமாக இருக்கிறாள் என்று மட்டும் அவருக்குப் புரிந்தது. ஆகவே, "சரி" என்றார்.

இந்தச் ‘சரி’தான் அந்தக் குடும்பத்துக்கு வந்த வினை. சென்ற வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். படிக்காதவர்களை நடுத்தெருவில் நிறுத்திவிட்டுப் போக மனம் வராததால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூர் தோல் தரகர் சுப்பராயனுக்கு ஆறு மாதமாக இரண்டு காதும் அடைத்துக் கிடந்தன. தொழிலில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. தோல் மண்டியில் விலையை வாயால் பேசுவது கிடையாது. துண்டுக்கடியில் கையோடு கை சேர்த்து, விரலை அழுத்தி விலை சொல்லுவார்கள். ஒப்புக்கொண்டால் கையை இறுக்குவார்கள். அங்கே காதுக்கு வேலையே இல்லை. வேலை இருந்த மற்ற இடங்களில், யார் எதைச் சொன்னாலும் முகம் மலர்ந்து "சரி" என்று சொல்லி ஒப்பேற்றி வந்தார். செவிட்டுத் தரகன் என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம்.

இப்படியிருக்கையில், கார்த்திகைக் கடை ஞாயிறு அன்று விரிஞ்சிபுரம் கோயிலில், மேளமும் கூட்டமும் அமர்க்களப்படும் இடத்தில், பள்ளிகொண்டா ஜவுளி வியாபாரி பஞ்சாட்சரம் அவரைத் தனியாக அழைத்து என்னவோ கேட்டார். இவரும் வழக்கம்போல் "சரி" என்றார். பஞ்சாட்சரத்தின் மகன் தணிகாசலத்துக்குத்தான் சுப்பராயனின் ஒரே மகள் செண்பகத்தைப் பேசியிருந்தது. தை பிறந்ததும் கடுதாசி வந்தது. ‘விரிஞ்சிபுரத்தில் தாங்கள் கொடுத்த வாக்குப்படி நடப்பீர்கள் என்ற நம்பிக்கையில், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தாம்பூலம் மாற்ற வருகிறோம்.’

என்ன வாக்கு? கடுதாசியில் அது இல்லை. சுப்பராயனின் ஞாபகத்திலும் இல்லை. எழுதிக் கேட்டுவிடலாம் என்றால், வாக்கையே மறந்த மனுஷனா என்று சம்பந்தம் நின்றுபோனாலும் போகும். பெண் பார்த்துவிட்டுப் போன நாளிலிருந்து கிணற்றடியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிற செண்பகத்தைப் பார்த்த பிறகு அந்த அபாயத்தில் இறங்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமைதான் இன்று. வருகிறவர்கள் இன்று பேசுவதாவது இவர் காதில் விழட்டும் என்று, விடிந்ததும் முதல் பஸ்ஸில் முனியம்மா அவரை வேலூருக்கு இழுத்து வந்துவிட்டாள்.

டாக்டரம்மா நெற்றியில் வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, காதில் சின்னப் புனல் ஒன்றை வைத்துப் பார்த்தார். மறு காதையும் பார்த்தார். பிறகு முனியம்மா பக்கம் திரும்பினார்.

"இவருக்கு என்ன வேலை?"

"தோல் தரகுங்க. மண்டிக்கு அடுத்தாப்புலயே ஆவாரம்பட்டை இடிக்கிற மில்லு. ஊட்டுக்கு வந்தா ஒடம்பெல்லாம் தூளுதான்."

"காதுக்கு என்ன ஊத்தறீங்க?"

"சனிக்கெழம தவறாம நல்லெண்ணெ. பூண்டு தட்டிப் போட்டு, காய்ச்சி, வெதுவெதுன்னு" என்றாள் முனியம்மா, மெடல் வாங்க வந்தவள் போல.

"அப்படிச் சொல்லுங்க. குறும்பி, அது மேல பட்டைத்தூள், அதுக்கு மேல எண்ணெய். தோலைப் பட்டையில ஊறவெச்சு, பதம் வந்ததும் எண்ணெய் தடவுவாங்க இல்லையா? அதையே ஆறு மாசமா இவர் காதுல செஞ்சிருக்கீங்க. உள்ளே தோல் பதனிடற ஷாப்பே நடக்குது."

முனியம்மா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் குற்றவாளி யார் என்று உறைத்தது. "பஜார்ல செவப்புத் தலப்பா கட்டிக்கினு ஒருத்தன் காது கொடைவானே, நாலு நாளைக்கு முன்னாடி அவன்கிட்ட கூட காட்டினேங்க" என்று கூட்டாளி ஒருவனைச் சேர்த்துக்கொள்ளப் பார்த்தாள்.

"அவர் தன் பங்குக்கு நல்லா உள்ளே தள்ளி இடிச்சிட்டுப் போயிருக்கார்."

முதலில் ஊறுவதற்காகச் சொட்டு மருந்து விட்டார்கள். சுப்பராயன் பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்து ஒரு காதுக்கு அரை மணி, புரண்டு படுத்து மறு காதுக்கு அரை மணி என்று கிடந்தார். பிறகு டாக்டரம்மா முழங்கை நீளத்துக்கு ஒரு பித்தளை சிரிஞ்சை எடுத்து வந்ததைப் பார்த்ததும், செருப்பு எங்கே என்று தேட ஆரம்பித்தார். முனியம்மா ஒரு விரலை நீட்டினாள். மண்டியில் எத்தனையோ விரல் பாஷை தெரிந்தவர்தான். இந்த விரலுக்கு ‘உட்கார்’ என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. உட்கார்ந்தார்.

கழுத்தைச் சுற்றித் துண்டு, காதுக்குக் கீழே ஏந்திப் பிடிக்க அவர் கையிலேயே ஒரு பேசின். டாக்டரம்மா காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சினார். வெள்ளம் வந்த வருஷத்துப் பாலாறு தலைக்குள் புகுந்த மாதிரி இருந்தது. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. நாலாம் தடவை பேசினில் ‘தொப்’பென்று என்னவோ விழுந்தது.

புளியங்கொட்டை பருமனில், பழுப்பு நிறத்தில் கிடந்தது அது. சுப்பராயன் அருவருக்கவில்லை. குனிந்து பார்த்து, "பதம் நல்லாத்தான் ஏறியிருக்குது" என்றார். தொழில் புத்தி.

சொல்லிவிட்டுத் தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. யார் இப்படிக் கத்துவது? தம் குரல்தான்! சுவரில் கடிகாரம் டக்டக்கென்று இடித்தது. அடுத்த அறையில் கம்பவுண்டர் மருந்து அரைக்கும் சத்தம். தெருவில் ஜட்கா மணி. மறு காதும் திறந்தபோது, மிகப் பக்கத்தில் வளையல் குலுங்கியது.

"இன்னாங்க, நான் பேசறது கேக்குதா?"

அவ்வளவு மெதுவாகத்தான் கேட்டாள். அந்தக் குரல் இப்படி இருக்கும் என்பதையே மறந்துபோயிருந்தார். ஆறு மாதமாக அவளுடைய வாயைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்?

"கேக்குதுடி" என்றார். கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளாமல், "நல்லா கேக்குது" என்றார்.

முனியம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஆறு மாசமா யார்கிட்ட பேசறதுன்னே தெரியாம அடுப்புகிட்ட பேசிக்கினு இருந்தேன். நம்ம மேல எதுக்கோ கோவம், அதான் பதில் சொல்ல மாட்டேன்றாருன்னு நெனச்சேன். கடுதாசி வர்றதுக்கு முன்னாடியே வாயத் தொறந்து கேக்கலன்னு சொல்லக் கூடாதா?"

இதற்குச் ‘சரி’ என்று பதில் சொல்ல முடியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா கௌரவமாக ஜன்னல் பக்கம் திரும்பி சிரிஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எண்ணெய், கோழி இறகு, கொண்டை ஊசி, எதுவும் இனிமே காதுக்குள்ள போகக் கூடாது. ரெண்டு நாளைக்கு எல்லாமே சத்தமா கேக்கும். பஸ்ல எதிர்காத்து படாம தலையைச் சுத்திக் கட்டிக்குங்க" என்று அனுப்பிவைத்தார்.

ஒரு மணி பஸ்ஸில் முனியம்மா முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். சுப்பராயனுக்குப் பின்னால் ஜன்னலோரம் கிடைத்தது. துண்டைத் தலையைச் சுற்றிக் கட்டியதில் கண்ணும் மூக்கும்தான் வெளியே தெரிந்தன. யாருடைய கூடையிலோ கோழி கொக்கரித்தது. அதைக்கூட ஆசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பஸ் விரிஞ்சிபுரம் தாண்டி, பள்ளிகொண்டாவில் நின்றது.

பின்வாசலில் ஏறினது பஞ்சாட்சரமும் அவர் மனைவி ஜெயம்மாளும்! சரிகைத் துண்டு, பட்டுப்புடவை, பூவும் வெற்றிலையும் வைத்த தாம்பூலக் கூடை. நாலு மணிக்கு ஆம்பூரில் இருக்க வேண்டியவர்கள் இந்த பஸ்ஸைப் பிடிக்காமல் வேறு எதைப் பிடிப்பார்கள்? பெண்கள் பக்கம் இடமில்லாததால் இருவரும் சுப்பராயனுக்கு நேர் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். "வாங்க சம்பந்தி" என்று சொல்ல இவர் வாயைத் திறந்தார். அதற்குள் ஜெயம்மாளின் பேச்சு காதில் விழுந்தது.

"அந்த மனுசன் நெஜமாத்தான் ஒத்துக்கினாரா? எனக்கு நம்பிக்கையே இல்ல."

"எத்தினி தரம் கேப்பே?" என்றார் பஞ்சாட்சரம். "கல்யாணத்தோட தோல் தரகை விட்டுடணும், நம்ம ஜனங்க நடுவுல தோல் வியாபாரி வீட்டுல பொண்ணு எடுத்தேன்னு சொல்லிக்கக் கூச்சமா இருக்குன்னு பட்டுனு சொன்னேன். ‘சரி, அப்படியே செஞ்சிடலாம்’னாரு. மொகத்துல வருத்தமே இல்ல. அந்த சந்தோசத்துல ஓடிப்போயி எனக்குப் புளியோதரை வேற வாங்கியாந்து குடுத்தாரு."

சுப்பராயன் திறந்த வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

புளியோதரை! இப்போது ஞாபகம் வந்தது. பஞ்சாட்சரம் பேசும்போது பிரசாதக் கடைப் பக்கமாகக் கையை வீசிப் பேசினார். பசிக்கிறது போலிருக்கிறது, ‘வாங்கிச் சாப்பிடலாமா’ என்கிறார் என்று இவராகவே நினைத்துக்கொண்டு ‘அப்படியே செஞ்சிடலாம்’ என்றார். ஒரு தொன்னைப் புளியோதரைக்குத் தலையாட்டியதில் இருபத்தைந்து வருஷத் தொழில் கை நழுவிவிட்டது.

மாதனூரில் என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற பஸ் நின்றது. சுப்பராயன் இறங்கி, முனியம்மாவை பஸ்ஸின் பின்பக்கமாக அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"ஒண்ணு பண்ணுங்க" என்றாள். "இன்னும் காது கேக்கலன்னே இருந்துடுங்க. அவங்க எதைச் சொன்னாலும் மோட்டுவளையைப் பாருங்க. கல்யாணம் முடியட்டும். அப்பாலிக்கு யாரு வந்து உங்களை மண்டியிலேர்ந்து இழுத்துடப் போறாங்க?"

அவருக்கு அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது. ஆறு மாதம் பழகின வேஷம்; கல்யாணம் வரை இன்னும் நாலு மாதம் போடுவது கஷ்டமில்லை. ஆனால் துண்டுக்கடியில் ஒரு தடவை கையை இறுக்கிவிட்டால் பிறகு மழையில் தோல் நனைந்து போனாலும் பேச்சை மாற்றாதவர் என்று அவருக்குப் பெயர். ஒரு வாக்கைக் கொடுத்து உள்ளுக்குள் மீறுவது அவரால் ஆகிற காரியமில்லை. அதற்காகத் தொழிலை விடுவதா? விட மாட்டேன் என்றால் செண்பகம் என்ன ஆவாள்?

"பொய்யா செவுடா இருக்க என்னால ஆவாதுடி" என்றார். "நெஜமா இருந்ததுக்கே இந்தப் பாடு."

பஸ் கிளம்பியது. சுப்பராயன் தம் இடத்துக்கு வந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"சம்பந்தி!"

திரும்பிப் பார்த்த பஞ்சாட்சரத்துக்கு முகம் வெளுத்தது. "நீங்க... எங்க ஏறினீங்க?"

"வேலூர்ல. காது சுத்தம் பண்ணிக்கினு வர்றேன். ஆறு மாசமா ரெண்டு காதும் அடைச்சிருந்தது. கடை ஞாயிறன்னிக்கு நீங்க கேட்டது ஒரு எழுத்து கூட என் காதுல விழல. நான் சரின்னது புளியோதரைக்கு."

பஸ்ஸில் பாதிப் பேர் ஆம்பூர் தோல் ஷாப்புகளில் வேலை செய்கிறவர்கள். சிரிப்பு கிளம்பியது. மக்பூல் அகமது சாயபு மண்டியின் மேஸ்திரி முனீர் அகமது எழுந்தே நின்றுவிட்டார். "அட, அதான் சமாச்சாரமா தரகரே! நான் திட்டறப்பல்லாம் நீங்க சிரிச்சிக்கினே போனீங்க. எவ்ளோ பெரிய மனசுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன்!"

செவிட்டுத் தரகன் என்ற பெயர் வந்தே விட்டது. வந்த பிறகு அது அவ்வளவு பயமாக இல்லை.

"குடுத்த வார்த்தையை மாத்தறவன் நான் இல்ல" என்றார் சுப்பராயன். "ஆனா கேக்காத கேள்விக்குச் சொன்ன பதிலு வாக்குல சேராது. இன்னொரு தரம் கேளுங்க. இந்தத் தரம் காதால கேட்டுப் பதில் சொல்றேன்."

பஞ்சாட்சரம் சுற்றும்முற்றும் பார்த்தார். பட்டைக் கறை படிந்த கைகள், தோலுக்குப் போடும் உப்புப் படிந்த வேட்டிகள். எல்லா முகமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. கண்டக்டர்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"ஊட்டுல போய் நிதானமா..." என்றார்.

"இங்கயே கேளுங்க. சத்தமாத்தான் கேளுங்களேன்."

"தோல்..." என்று ஆரம்பித்து எச்சில் விழுங்கினார் பஞ்சாட்சரம்.

"தோலு இன்னா?" என்றார் முனீர் அகமது, அக்கறையாக.

முன்னாலிருந்து முனியம்மாவின் குரல் வந்தது. "தோலே ஆவாதுன்றாரு. அப்போ கல்யாணத்துக்கு மேளத்தை எதுல கட்டப் போறாராம், மல்லு துணியிலயா? கேட்டுச் சொல்லுங்க!"

பஸ் அதிர்ந்தது. ஜெயம்மாள்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மானம் போன வேகத்தில் பஞ்சாட்சரத்துக்கு வீம்பு வந்துவிட்டது. "ஆமாம், கேக்கறேன்! தோல் தரகை விடுவீங்களா, மாட்டீங்களா?"

சிரிப்பு நின்றது.

"மாட்டேன்" என்றார் சுப்பராயன். குரல் நடுங்கியதை அவரே கேட்டார். "தோலைத் தொட்ட கையாலதான் செண்பகத்துக்குச் சோறு ஊட்டினேன். அந்தக் கை உங்களுக்குக் கூச்சம்னா, அது வளத்த பொண்ணும் கூச்சமாத்தான் இருக்கும். நாலு ஜனம் நடுவுல அவ தலை குனிஞ்சி நிக்க வேணாம். என் பொண்ணு அழுதா நான் தேத்திக்கிறேன்."

பஞ்சாட்சரம் சரிகைத் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "ஆம்பூர் வரட்டும் தரகரே, பேசிக்கலாம்" என்றார் கடைசியில். சம்பந்தி போய்த் தரகர் வந்துவிட்டதைச் சுப்பராயன் கவனித்தார். ஜெயம்மாள் மட்டும் புருஷனிடம் முணுமுணுத்தாள்: "பேரணாம்பட்டு அரிசி மண்டியில வேலை பாக்கற பையன்கிட்ட லீவு எடுத்துக்கினு நேரா வந்துடுன்னு சொல்லியிருக்கோம். அவன்கிட்ட இன்னா சொல்லப் போறீங்களோ, போங்க."

ஆம்பூரில் பஸ் நின்ற இடத்தில், பேரணாம்பட்டிலிருந்து தோல் கட்டுகள் ஏற்றி வந்த மாட்டுவண்டி ஒன்று வழியை அடைத்துக்கொண்டிருந்தது. கட்டுகளின் உச்சியில் உட்கார்ந்து இறங்க வேண்டிய கட்டுகளை உரக்க எண்ணிக்கொண்டிருந்த வாலிபன், பஸ்ஸைப் பார்த்ததும் குதித்து இறங்கினான். வேட்டியெல்லாம் உப்பு. தணிகாசலம்தான்.

"நீ இன்னாடா இந்த வண்டியில?" என்றார் பஞ்சாட்சரம். "அரிசி மண்டியில இல்ல வேலை உனக்கு?"

தணிகாசலம் கூட்டத்தைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். தப்பிக்க வழியில்லை. "மண்டின்னுதாம்பா சொன்னேன். அரிசின்னு நீங்களா சேத்துக்கினீங்க. தோல் மண்டி."

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருசமா."

பஞ்சாட்சரம் தாம்பூலக் கூடையை வண்டியின் ஓரத்திலேயே வைத்துவிட்டு வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுப்பராயனுக்கு அவர்மேல் பாவமாகக்கூட இருந்தது. "இது வெளியில யாருக்குடா தெரியும்?" என்று ஈனசுரத்தில் கேட்டார் மனிதர்.

"யாருக்கும் தெரியாதுப்பா. ஒருத்தருக்கு மட்டும்தான் தெரியும்." தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டான். "செண்பகத்துக்கு. பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே லெட்டர்ல எழுதிட்டேன்."

கடைசி வார்த்தைகள் கொஞ்சம் உள்ளே போய்விட்டன. ஆனால் சுப்பராயனின் புதுக் காதில் ஒவ்வோர் எழுத்தும் மணிமணியாக விழுந்தது. முன்னாடியேவா? லெட்டரா? எந்த லெட்டர், யார் வாங்கினது? அவர் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"இன்னா சொல்றான் இவன்?"

முனியம்மா ஆகாயத்தில் எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் காதுல ஒண்ணும் விழலியே" என்றாள்.